தலையா, பூவா, தலைவிதியா?

எமது நாட்டிலே நாள் தவறாது விலைபோகும் சரக்கு ஒன்று உண்டு. அதனை விளைவிக்க நிலம் வேண்டியதில்லை, நீர் வேண்டியதில்லை, வைத்துக் காக்கக் களஞ்சியமும் வேண்டியதில்லை. பஸ் நிலையத்திலும் சந்தை வாசலிலும் ஆஸ்பத்திரி முகப்பிலும் அது கூவி விற்கப்படுகிறது. பத்திரிகைகளின் இராசிபலன் பகுதியிலே பன்னிரண்டு கூறாகப் பங்கிடப்படுகிறது. பரீட்சைக் காலம் நெருங்கியதும், 'எதிர்பார்க்கை வினாக்கள்' என்ற பெயரோடு அச்சாகி மாணவர் கைகளுக்கு வந்து சேருகிறது. அதிர்ஷ்டம் என்பதே அச்சரக்கின் பெயர்.

வடமொழியிலே 'காணப்படாதது' என்பதே இச்சொல்லின் மூலப்பொருள். காணப்படாததைக் கணக்கிட முடியாது என்று ஒரு காலத்து மனிதர் எண்ணியிருந்தால் அது வியப்பன்று. ஆனால், 1654ஆம் ஆண்டிலே பஸ்கால், பெர்மா என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் இருவர், இடையில் நின்றுபோன ஒரு சூதாட்டத்தின் பணயத்தை ஆட்டக்காரரிடையே எவ்வாறு நியாயமாகப் பிரிப்பது என்ற கேள்வி குறித்துக் கடிதங்கள் எழுதிக்கொண்டனர். அன்று தொட்டு மூன்றரை நூற்றாண்டுகளுக்கு மேலாக மனிதகுலம் இக்காணாப் பொருளைக் கணக்கிட்டு வருகிறது. நிகழ்தகவு என்ற பெயரில் எமது பாடநூல்களிலும் அக்கணக்கு இடம்பெற்றிருக்கிறது. எனினும் எமது சிந்தனையில் அது இடம்பெறவில்லை. பரீட்சைக்குச் சில புள்ளிகளைப் பெற்றுத்தரும் ஒரு பயிற்சியாக அது குறுகிவிட்டது. பையிலுள்ள சிவப்பு மணிகளையும் நீல மணிகளையும் பின்னமாக எழுதிக் காட்டும் மாணவர், பாடசாலை வாயிலைத் தாண்டியதும் தமது பிறந்த திகதியைக் கொண்ட லொத்தர்ச் சீட்டைத் தேடுகிறார். மணிகள் வேறு, வாழ்க்கை வேறு என்றே அவருக்கு நாம் கற்பித்திருக்கிறோம்.

இந்தப் பிரிவினை தற்செயலானது அன்று என்பதே எமது வாதம். வாய்ப்பின் விதிகளை அறிந்தோர் ஒரு பக்கத்திலும் அறியாதோர் மறுபக்கத்திலும் நிற்கும்வரை, அறியாதோரின் பணமும் நேரமும் தன்னம்பிக்கையும் அறிந்தோரின் பக்கத்துக்கே ஒழுகிக்கொண்டிருக்கும். சீட்டு விற்று வயிறு கழுவும் முதியோரையும் உடற்குறை உற்றோரையும் நாம் இங்கு குறை கூறவில்லை. அவர்கள் வெயிலில் நிற்பவர்கள். நிழலில் இருந்து கணக்குப் பார்ப்பவர்களைப் பற்றியே பேசுகிறோம்.

முதலில் ஓர் எளிய மயக்கத்தை எடுத்துக்கொள்வோம். "விழும், இல்லையேல் விழாது, பாதிக்குப் பாதி" என்று சீட்டு வாங்குவோர் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். இரண்டு முடிவுகள் உள்ளமையால் இரண்டும் சம வாய்ப்புடையன என்று கொள்ளும் இப்பிழை, எழுத்தறியாதாரின் பிழை என்று எவரும் நகைக்கவேண்டாம். பதினெட்டாம் நூற்றாண்டின் பேரறிஞருள் ஒருவரான டாலம்பேர், பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் 1754ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையிலே இதே குழியில் வீழ்ந்தார். ஒரு நாணயத்தை இருமுறை சுண்டும்போது ஒருமுறையேனும் தலை விழுவதற்கு உள்ள வாய்ப்பு யாது? முதற் சுண்டலிலேயே தலை, முதலில் பூவும் பின்னர் தலையும், இருமுறையும் பூ. ஆக மூன்று வகை. அவற்றுள் இரண்டு சாதகம். எனவே மூன்றில் இரண்டு என்றார் அவர். உண்மையில் நான்கு வகைகள் உண்டு: தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ. இவை நான்கும் சம வாய்ப்புடையன. இவற்றுள் மூன்று சாதகமானவை. ஆகவே விடை நான்கில் மூன்று. முதற் சுண்டலிலேயே தலை விழுந்ததும் ஆட்டம் முடிந்துவிடுவதால், அதற்குள் அடங்கிய இரு வகைகளை அவர் ஒன்றாக எண்ணிவிட்டார்.

எண்ணப்படும் முடிவுகள் சம வாய்ப்புடையனவா என்று கேளாமல் எண்ணத் தொடங்குவது ஆபத்தானது என்பதே இங்கு நாம் பெறும் பாடம். நிகழ்தகவின் அரிச்சுவடி இதுவே. சமுதாயத்தைப் பற்றிய சிந்தனையின் அரிச்சுவடியும் இதுவே என்பதைப் பின்னர் காட்டுவோம்.

இரண்டாவது மயக்கம் இன்னும் ஆழமானது. "இத்தனை நாள் விழவில்லை; இனி விழுந்தே தீரவேண்டும்" என்பது அதன் வாசகம். 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆந் திகதி, மொன்டி கார்லோ நகரின் சூதாட்ட மண்டபத்திலே சுழல்வட்டில் பந்து தொடர்ந்து 26 தடவை கறுப்பிலேயே வீழ்ந்தது. கறுப்பு நீள நீள, இனிச் சிவப்புத்தான் என்ற உறுதியோடு சனங்கள் சிவப்பின்மேற் பணத்தைக் கொட்டிப் பேரிழப்புக்கு ஆளாயினர். அத்தகைய வட்டிலே 37 குழிகள் உண்டு: கறுப்பு 18, சிவப்பு 18, எஞ்சிய ஒன்று பூச்சியம். இருபத்தைந்து கறுப்புகளின் பின்னரும் சிவப்பின் வாய்ப்பு 37இல் 18 மட்டுமே. முதலாம் சுற்றிலும் அதுவே. பந்துக்கு நினைவில்லை. நாணயத்துக்கு நன்றியுமில்லை, பகையுமில்லை. முன்பு தோற்றவருக்குக் கடன் தீர்க்கவேண்டும் என்ற நியாய உணர்வு எந்தச் சுழல்வட்டுக்கும் கிடையாது. நியாயத்தை இயற்கையின் கையில் ஒப்படைத்துவிட்டுக் காத்திருப்போர், மண்டபத்தின் சொந்தக்காரனுக்கே ஊழியம் செய்கின்றனர்.

இம்மயக்கம் மொன்டி கார்லோவோடு நின்றுவிடவில்லை. எமது பரீட்சை மண்டபங்களிலும் உண்டு. பல்தேர்வு வினாத்தாளிலே மூன்றாம் விடை அடுத்தடுத்து நான்கு தடவை வந்துவிட்டால், ஐந்தாவது வினாவுக்குத் தாம் சரியென்று கண்ட மூன்றாம் விடையையே ஐயுற்று மாற்றிவிடும் மாணவர் பலர். அறிவு சொன்னதை அச்சம் அழித்துவிடுகிறது. ஒழுங்கற்ற வரிசையிலே தொடர்ச்சிகள் இயல்பாகவே தோன்றும் என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. 'எழுமாறு' என்ற சொல்லை அவர் அறிவார். எழுமாறு எப்படியிருக்கும் என்பதை அவர் கண்டதில்லை.

பரீட்சைக்கு வந்துவிட்டோமாகையால் அதனைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம். க.பொ.த. சாதாரண தரத்தின் விஞ்ஞானம், வரலாறு முதலிய பாடங்களில் முதலாம் வினாத்தாளிலே 40 வினாக்களும், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகளும் தரப்படுகின்றன. எதுவுமே அறியாத ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு விடைகளைக் குறித்தால், சராசரியாகப் பத்து வினாக்கள் சரியாகும். பத்துப் பேருக்கும் பத்துச் சரியாகும் என்பது இதன் கருத்தன்று. ஒருவருக்கு ஏழு, இன்னொருவருக்குப் பதின்மூன்று என்று விளையும். ஆனால் இவ்வாறு குருட்டுத்தனமாகக் குறித்து இருபதோ அதற்கு மேலோ பெறுவதற்கு உள்ள வாய்ப்பு ஏறத்தாழ 1,750இல் ஒன்று. அதிர்ஷ்டத்தை நம்பிப் பரீட்சைக்குச் செல்வோருக்கு இவ்வெண்ணே போதிய பதில்.

அதே மாணவர் ஒவ்வொரு வினாவிலும் இரு விடைகள் தவறு என்று மட்டும் கண்டறியக் கூடியவராக இருந்தால் என்ன நிகழும்? சராசரி பத்திலிருந்து இருபதாகிறது. பாதியறிவுதான், ஆனால் அப்பாதியறிவு வாய்ப்பை இரட்டிப்பாக்கிவிட்டது. வாய்ப்பு அசைக்க முடியாத விதியன்று, அறிவினால் அசைக்கப்படக் கூடிய ஒன்று என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுமா? தேங்காய் உடைப்பதனால் நான்கு விடைகள் இரண்டாகக் குறைவதில்லை. வாசிப்பதனாற் குறைகின்றன.

இங்கே ஆசிரியர் சிலரோடும் நாம் வழக்காட வேண்டியிருக்கிறது. "தெரியாவிட்டால் விட்டுவிடு, ஊகித்து எழுதுவது நேர்மையன்று" என்று அவர்கள் மாணவருக்கு உபதேசிக்கின்றனர். தவறான விடைக்குப் புள்ளி கழிக்கப்படாத வினாத்தாளிலே, வெற்றிடம் விடுவது நேர்மையுமன்று, தியாகமுமன்று, கணக்கறியாமை. நான்கு விடைகளுள்ள வினாவில் ஒவ்வொரு தவறுக்கும் மூன்றில் ஒரு புள்ளி கழிக்கப்பட்டால்தான் குருட்டு ஊகத்தின் சராசரிப் பயன் பூச்சியமாகும். அவ்விதி இல்லாத இடத்தில், வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தனிவகுப்பிலே இவ்வுபாயத்தைக் கற்றுக்கொள்ள, பின்தங்கிய கிராமத்துப் பிள்ளை ஆசிரியரின் நீதிபோதனையை நம்பிப் பத்து வினாக்களை வெற்றிடமாக விட்டு வருகிறது. யாருடைய நேர்மைக்கு யார் விலை கொடுக்கிறார் என்பதை அவ்வாசிரியர் எண்ணிப்பார்க்கட்டும்.

இனி உயர்தரப் பரீட்சைக்கு வருவோம். பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் ஆகிய பாடங்களின் பல்தேர்வு வினாத்தாளிலே 50 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள். அறிவில் முற்றிலும் சமமான இருவரைக் கற்பனை செய்வோம். இருவருக்கும் ஒரே 40 வினாக்களின் விடை திண்ணமாகத் தெரியும்; எஞ்சிய பத்தும் இருவருக்குமே தெரியாது. அப்பத்தினையும் இருவரும் ஊகித்துக் குறிக்கின்றனர். இருவரும் ஒரே எண்ணிக்கையான சரியான விடைகளைப் பெறுவர் என்று தோன்றும். கணக்கு வேறு சொல்லுகிறது. இத்தகைய 100 சோடிகளில் ஏறத்தாழ 22 சோடிகள் மட்டுமே ஒரே எண்ணிக்கையைப் பெறும். ஏறத்தாழ ஆறு சோடிகளுக்கு ஒரு சோடியில் வேறுபாடு மூன்று விடைகளோ அதற்கு மேலோ ஆகிவிடும். அறிவிலே எள்ளளவும் வேறுபாடு இல்லை, உழைப்பிலும் இல்லை. சுண்டப்பட்ட நாணயத்திலேதான் வேறுபாடு.

இந்தப் பரீட்சையின் முடிவிலிருந்தே, 2001ஆம் ஆண்டு தொட்டு, இசட் புள்ளி கணிக்கப்பட்டு வருகிறது. பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகள் நான்கு தசமதானத்துக்குத் துல்லியமாக வெளியிடப்படுகின்றன. நான்காம் தசமதானத்திலே ஒருவர் மருத்துவபீடத்தினுள்ளும் மற்றவர் வெளியிலும் நிற்கிறார். ஓரிடத்தில் வரம்பு இடவேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. இடங்கள் மட்டுப்பட்டிருக்கையில் வரம்பு தவிர்க்க முடியாதது. எம்முடைய குற்றச்சாட்டு வேறு. வரம்புக்கு மேலே நிற்பவரைத் 'திறமைசாலி' என்றும், மயிரிழையிற் கீழே நிற்பவரைத் 'தோற்றுப்போனவர்' என்றும் சமுதாயம் முத்திரை குத்துகிறது. அளவுகோலின் நடுக்கத்தைவிட நுண்ணிதாக அதன் கோடுகளைக் கீறிவிட்டு, அக்கோடுகளையே மனிதரின் தராதரமாக்கிவிடுகிறது. தோற்றவர் தம்மைத் தாமே வெறுக்கிறார். வென்றவர் தமது வெற்றி முழுவதும் தமக்கே உரியது என்று நம்பி, உழைக்கும் மக்களிடமிருந்து விலகிப் போகிறார். வாய்ப்பினைக் கணக்கிட அறிந்த சமுதாயத்தில் இரு நோயும் இவ்வளவு முற்றியிரா.

ஆக, வாய்ப்பு இல்லாத இடத்தில் அதிர்ஷ்டத்தைக் காண்பதும், வாய்ப்பு உள்ள இடத்தில் அதனைக் காண மறுப்பதும் ஒரே அறியாமையின் இரு முகங்கள். இவ்விரண்டினாலும் பயன் பெறுவோர் யார்?

லொத்தரை நோக்குவோம். தேசிய லொத்தர் சபை 1963ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டத்தின் கீழ் அமைந்தது. ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கங்களும் முழுவதும் பொருந்தினாலே முதற்பரிசு என்னும் வகைச் சீட்டு ஒன்றைக் கொள்வோம். எழுத்துகள் 26, ஆறு இலக்கங்களால் ஆகும் எண்கள் பத்து இலட்சம். ஆக, 2 கோடி 60 இலட்சம் வகைகள். 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இத்தீவின் மக்கள் ஏறத்தாழ 2 கோடி 17 இலட்சம். தொட்டிற் குழந்தை உட்பட ஒவ்வொருவரும் வெவ்வேறு சீட்டு ஒன்றை வாங்கினாலும், 40 இலட்சத்துக்கு மேற்பட்ட வகைகள் வாங்குவாரின்றி எஞ்சிக் கிடக்கும்.

நாளுக்கு ஒரு சீட்டாக வாங்கும் ஒருவர் 2 கோடி 60 இலட்சம் சீட்டுகளை வாங்கி முடிக்க ஏறத்தாழ 71,000 ஆண்டுகள் செல்லும். அத்தனை ஆண்டுகள் வாழ்ந்து, ஒரு நாளும் தவறாமல் வாங்கினாலும், அவர் ஒருமுறையேனும் வென்றிருப்பார் என்று உறுதி கூற முடியாது. நூற்றுக்கு ஏறத்தாழ 37 பங்கு வாய்ப்பு, ஒருமுறையும் வெல்லாதிருப்பதற்கே உண்டு. இனி நாளொன்றுக்கு நாற்பது ரூபா என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 14,600 ரூபா ஆகிறது. இது தோட்டத் தொழிலாளி ஒருவரின் பல நாட் கூலி. ஒரு பிள்ளையின் சப்பாத்தும் கொப்பிகளும் பஸ் கட்டணமும் அதற்குள் அடங்கும்.

சீட்டை வாங்குபவர் சூதாடுகிறார்; நடத்துபவர் சூதாடுவதே இல்லை. இதுதான் கவனிக்கவேண்டிய நுட்பம். யாக்கோபு பேர்னூலி என்னும் சுவிற்சர்லாந்துக் கணிதமேதை எழுதி, அவர் இறந்தபின் 1713ஆம் ஆண்டிலே வெளியான நூலில் பெரிய எண்களின் விதி நிறுவப்பட்டது. ஒரு தனிச் சுண்டலில் எதுவும் நிகழலாம். ஆனால் சுண்டல்கள் பல்லாயிரம் ஆகும்போது சராசரி தன்னிடத்தை விட்டு வெகுதூரம் விலகாது. ஒரு சீட்டின் கதி யாருக்கும் தெரியாது. இலட்சம் சீட்டுகளின் கதி நடத்துபவருக்கு நன்கு தெரியும். வாங்குபவருக்கு அது கனவு. விற்பவருக்கு அது வருமானம். ஒரே விதிதான், அதன் ஒரு முனையில் ஒருவர் தனித்து நிற்கிறார், மறுமுனையில் நிறுவனம் பெருந்தொகையோடு நிற்கிறது. சுரண்டலுக்கு எப்போதும் சவுக்கு வேண்டியதில்லை. சில வேளைகளிற் சராசரியே போதும்.

"அந்தப் பணம் நல்ல காரியத்துக்குத்தானே போகிறது?" என்று கேட்போர் உளர். மகாபொல புலமைப்பரிசில் நிதியத்துக்கு லொத்தர் வருவாயிலிருந்தும் பணம் சேருவது உண்மையே. வறிய மாணவர் பலர் அதனாற் பல்கலைக்கழகத்திற் படித்திருக்கின்றனர் என்பதும் உண்மை. ஆனால் அப்பணத்தை நல்கியவர் யார்? பெருவணிகர் பஸ் நிலையத்திலே நின்று சீட்டுச் சுரண்டுவதை நாம் கண்டதில்லை. நாட்டாமையும் முச்சக்கரவண்டி ஓட்டுநரும் மீன் விற்கும் தாயுமே அங்கு நிற்கின்றனர். செல்வரிடம் நேர்வரியாகப் பெறவேண்டியதை, வறியவரிடம் நம்பிக்கையின் பெயரால் பெற்று, வறியவரின் பிள்ளைக்கே ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுப்பதைத் தருமம் என்று நாம் ஏற்றுக்கொள்ள வேண்டுமா? அப்புலமைப்பரிசிலிற் படித்த மாணவர், நிகழ்தகவு கற்றுப் பட்டம் பெற்றபின், தமது படிப்புக்கு நாற்பது நாற்பதாக ஈந்த அந்த மனிதரிடம் சென்று அக்கணக்கை ஒருநாள் விளக்கியதுண்டா? அவர் பட்ட கடனில் ஒரு பகுதியேனும் அதனால் தீருமல்லவா?

எழுமாற்றுத் தெரிவு எப்போதும் ஏமாற்று என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். அது நீதியின் கருவியாகவும் இருக்கக்கூடும். தமிழ்நாட்டு உத்தரமேரூரிலே, முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை, குடவோலை முறையை விவரிக்கின்றன. தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒன்றுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து, ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆட்களைத் தெரிந்தனர். சிறுவனின் கைக்கு உறவுமில்லை, கைக்கூலியுமில்லை. குடத்தினுள் எல்லா ஓலையும் சமம். எமது பெருமைக்குரிய மரபு என்று மேடைகளில் முழங்குவோர் இதனை எடுத்துக்காட்டுவது வழக்கம்.

ஆனால் அவர்கள் சொல்லாது விடும் பகுதி ஒன்று உண்டு. குடத்தினுள் ஓலை இடப்படுவதற்கு வரி செலுத்தும் சொந்த நிலம் வேண்டும். சொந்த மனையிற் கட்டிய வீடு வேண்டும். வேதக் கல்வி வேண்டும். உழுதவரின் ஓலை அக்குடத்துள் விழவில்லை. பெண்களின் ஓலையும் விழவில்லை. சேரியில் வைக்கப்பட்டோரின் ஓலை கனவிலும் விழவில்லை. குலுக்கல் நேர்மையானதுதான், ஆனால் குலுக்கலுக்கு முன்னரே தெரிவு பெரும்பகுதி முடிந்துவிட்டது.

இந்த இடத்திலேதான் டாலம்பேரின் பிழை எமது சமுதாயத்தின் பிழையாகப் பேருருக் கொள்கிறது. சமமல்லாதவற்றைச் சமமென எண்ணுவதே அப்பிழை. "பரீட்சை எல்லோருக்கும் ஒன்று, வினாத்தாள் ஒன்று, நேரம் ஒன்று, ஆகவே வாய்ப்பும் ஒன்று" என்று கூறுவோர் அதனையே செய்கின்றனர். 1945ஆம் ஆண்டு இலவசக் கல்வி வந்தது. அது உழைக்கும் மக்கள் பெற்ற பெரும்பேறு. எனினும் பௌதிகவியல் ஆசிரியரே இல்லாத பாடசாலையிற் படித்த பிள்ளைக்கும், ஆய்வுகூடமும் நூலகமும் தனிவகுப்பும் வாய்த்த பிள்ளைக்கும் வினாத்தாள் ஒன்றாயிருப்பதனால் வாய்ப்பு ஒன்றாகிவிடுமா? முதலாமவர் நான்கு விடைகளுக்கு முன் நான்கையும் காண்கிறார். இரண்டாமவர் இரண்டை நீக்கிவிட்டு எஞ்சிய இரண்டையே காண்கிறார். உயர்தர விஞ்ஞான வகுப்பே இல்லாத தோட்டப் பாடசாலைப் பிள்ளையின் ஓலையோ அக்குடத்துள் இடப்படவே இல்லை. பின்னர் பெறுபேறு வெளிவந்ததும் "தலைவிதி" என்கிறோம். தலைவிதி என்று நாம் அழைப்பதிற் பெரும்பங்கு, யாரோ முன்னதாக நிரப்பிவைத்த குடம்.

நாணயம் பக்கச்சார்பற்றதா என்று அறிய விரும்பினால் அதனைப் பலமுறை சுண்டிப் பார்க்கிறோம். ஆயிரம் சுண்டலில் எழுநூறு தடவை பூவே விழுந்தால், அதனை விதி என்று வணங்கமாட்டோம். நாணயத்தைப் புரட்டிப் பார்த்து யார் அதைக் கோணலாக்கியது என்று கேட்போம். ஒரே வகைப் பாடசாலையிலிருந்து, ஒரே வகைக் குடியிருப்பிலிருந்து, ஆண்டுதோறும் பிள்ளைகள் பின்தங்கினால், அங்கே மட்டும் ஏன் விதியை வணங்குகிறோம்? பேர்னூலியின் விதி சீட்டு நடத்துவோருக்கு மட்டும் சொந்தமானதன்று. தனிமனித அதிர்ஷ்டங்களை ஒன்றோடொன்று கழித்துவிட்டால் எஞ்சி நிற்பது அமைப்பின் கோணல் என்பதையும் அதே விதியே எமக்கு உணர்த்துகிறது.

எமது பக்கத்து நண்பர் சிலர், "பகடைக்கும் சீட்டுக்கும் பிறந்த கணிதம் எமக்கெதற்கு? வர்க்கத்தைப் பற்றிப் பேசுவோம்" என்று சொல்லக் கூடும். பிறந்த இடத்தைக் கொண்டு மனிதரை ஒதுக்காத நாம், பிறந்த இடத்தைக் கொண்டு அறிவை ஒதுக்கலாமா? நிகழ்தகவுக்கு இன்றைய திண்ணிய அடிப்படையை 1933ஆம் ஆண்டிலே அமைத்துத் தந்தவர் சோவியத் கணிதமேதை கொல்மோகொரோவ். 1931ஆம் ஆண்டு கல்கத்தாவில் இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவகத்தைத் தோற்றுவித்த மகலனோபிஸ், எழுமாற்று மாதிரியைக் கொண்டு வங்காளத்துச் சணற் பயிரை அளந்து காட்டினார். அவ்வழியிலேயே 1950ஆம் ஆண்டு இந்தியாவின் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. ஒவ்வொரு வயலையும் மிதிக்காமலே நாட்டின் விளைச்சலையும், ஒவ்வொரு குடிசையையும் தட்டாமலே மக்களின் பட்டினியையும் அறியும் வழி அது. ஆட்சியாளர் விரும்பிய வீட்டை மட்டும் காட்டி "மக்கள் நலமே" என்று சொல்வதற்கு எதிராக, எந்த வீடு அகப்படும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாத தெரிவே எமக்குக் கிடைத்த வலிய ஆயுதம். ஏமாற்றுவோர் கையிலுள்ள கருவியே ஏமாற்றை வெளிப்படுத்தும் கருவியும் ஆகிறது.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கு நாம் ஒன்று சொல்வோம். நிகழ்தகவுப் பாடத்தைச் சூத்திரத்தில் தொடங்காதீர்கள். நாற்பது மாணவர் கொண்ட வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு நாணயத்தைப் பத்துத் தடவை சுண்டட்டும். சரியாக ஐந்து தலை பெறுவோர் ஏறத்தாழப் பத்துப் பேர் மட்டுமே. ஏறத்தாழப் பதினான்கு பேர் மூன்றோ அதற்குக் குறைவாகவோ, ஏழோ அதற்கு மேலாகவோ பெறுவர். இது சராசரிக் கணக்கு. உங்கள் வகுப்பில் எண் சற்று முன்பின்னாகலாம், அதுவும் பாடமே. ஏழும் எட்டும் பெற்றவர்களை நிறுத்தி, "நீங்கள் திறமைசாலிகளா?" என்று கேளுங்கள். வகுப்பு நகைக்கும். அந்நகைப்பில் ஒரு மூடநம்பிக்கை உதிரும். பின்னர் நாற்பது பேரின் நானூறு சுண்டல்களையும் கூட்டச் சொல்லுங்கள். கூட்டுத்தொகை பெரும்பாலும் 180க்கும் 220க்கும் இடையிலே வந்து நிற்கும். தனியொருவரிடம் தாறுமாறாய் இருந்தது, கூட்டத்திலே ஒழுங்காகிவிடுவதை அவர்கள் தம் கண்ணாற் காண்பர்.

அடுத்து, ஒருவருக்கும் தெரியாத மொழியில் நாற்பது பல்தேர்வு வினாக்களைக் கொடுத்து விடை குறிக்கச் செய்யுங்கள். புள்ளிகளை வரிசைப்படுத்தி, முதலாம் இடம், கடைசி இடம் என்று கரும்பலகையில் எழுதுங்கள். அறிவே சம்பந்தப்படாத ஒரு போட்டியிலும் ஒருவர் முதலாவதாகவும் ஒருவர் கடைசியாகவும் வரத்தான் செய்வார். வரிசை உண்டாயின் அதற்குக் காரணமான தகுதியும் உண்டு என்ற எண்ணம் அன்றே ஆட்டங்காணும். மூன்றாவதாக, சீட்டுக் கணக்கை வீட்டுவேலையாகக் கொடுத்து, அதனைத் தாய் தந்தையர்க்கு வாய்விட்டு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மாணவ நண்பர்களுக்குச் சொல்வதும் சிறிதே. ஊகிக்க வேண்டிய இடத்தில் அஞ்சாது ஊகியுங்கள். ஆனால் வாசித்து, நீக்கி, எஞ்சியதிலிருந்து ஊகியுங்கள். வென்றால் அதில் வாய்ப்பின் பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டுத் தலை தாழுங்கள். தோற்றால் அதே கணக்கைச் செய்து தலை நிமிருங்கள். எவரேனும் எதையேனும் விதி என்று உங்களிடம் சொன்னால், மூன்று வினாக்களைக் கேளுங்கள்: எத்தனை வகைகள் உண்டு? அவை சம வாய்ப்புடையனவா? குடத்தை நிரப்பியவர் யார்?

மூன்றாவது வினாவைப் பரீட்சைத் திணைக்களம் ஒருபோதும் கேட்காது. அதனை நாம்தான் கேட்கவேண்டும். பதில் வரும்வரை கேட்கவேண்டும்.